நான்கு தட்டு வடிகட்டி

கெலுகோர் பங்களாவின் கண்ணாடித் தொட்டியில் பதினோரு தங்கமீன்கள் இருந்தன. ஜப்பான் கேப்டனுக்கு அவை பெற்ற பிள்ளைகள் மாதிரி. பினாங்கு முழுக்க மரவள்ளிக் கிழங்கில் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த அந்த 1943-லும் மீன்களுக்கு முட்டை மஞ்சள்கரு தவறாமல் போனது.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக்கு முன் ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தொட்டிக்கு மேலே ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். தேங்காய் நார், கரி, மணல், கூழாங்கல் என்று நான்கு தட்டுகள். தொட்டித் தண்ணீரை மொண்டு மேலே ஊற்றினால் அழுக்கு பெட்டியில் நிற்கும், தண்ணீர் கீழே வடியும். ஊற்றுவது தோட்டக்காரன் சுப்பையாவின் வேலை. குமாஸ்தாக்களைக் கூப்பிடும் 'கிராணி' என்ற பேரைத்தான் படித்த கார்த்திகேசுவுக்கும் அவன் வைத்திருந்தான்.

முதல் நாளே அவனிடம் சொல்லியிருந்தார்: "கிழமைக்கு ஒரு தட்டுதான் கழுவ வேணும். அதுவும் தொட்டித் தண்ணியில. எல்லாத்தையும் ஒண்டாக் கழுவினா மீன் சாகும்."

சுப்பையா அதைக் கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை. கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்துப் போட்டான். பசாரில் கொட்டிக் கிடந்த சிப்பி ஓடுகளை நொறுக்கி மணலுக்கு அடியில் பரப்பினான். பத்தே நாளில் தண்ணீர் தெளிந்து, தொட்டியில் அது இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. கேப்டன் அவன் தோளைத் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தான்.

அதே வாரம் கேப்டன் அரைகுறை மலாயில் இருவரிடமும் சொன்னான்: சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்கிறார்கள். மீனுக்கு ஒருவன் போதும். மற்றவன் போக வேண்டும். யார் என்று மாதக் கடைசியில் சொல்கிறேன்.

கார்த்திகேசுவுக்கு ஐம்பத்திரண்டு வயது, இருமல் வேறு. சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் நான்கு மீன்களைப் பிடித்துத் தன் அறையிலிருந்த பீங்கான் தொட்டியில் விட்டுக்கொண்டு சுப்பையாவைக் கூப்பிட்டார்.

"நாலு தட்டையும் சலவைச் சோடா போட்டுக் கொதிதண்ணியில கழுவு. தொட்டித் தண்ணியையும் முழுசா மாத்து. கிருமி இருக்கெண்டு துரை சொன்னவர்."

"கிராணி ஐயா, நீங்கதானே கூடாதுன்னீங்க?"

"இப்ப நான்தான் சொல்றன். செய்."

சுப்பையா செய்தான். மறுநாள் தண்ணீர் அரிசி கழுவிய மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மூன்றாம் நாள் ஏழும் மல்லாந்து மிதந்தன.

ஈர மணலோடு வடிகட்டிப் பெட்டியைச் சுப்பையாவின் தலையில் தூக்கி வைத்து, அவனை வெயிலில் சரளைக் கல்லில் மண்டியிட வைத்தான் கேப்டன். யார் கழுவச் சொன்னது என்று கேட்டுக் கேட்டு உறை போட்ட வாளால் முதுகில் அடித்தான். சுப்பையா நிமிர்ந்து கார்த்திகேசுவைப் பார்த்தான். மறுப்பதற்கு ஒரு பொய்யை மலாயில் கோத்துத் தயாராக வைத்திருந்தார் கார்த்திகேசு. அதற்கு வேலை வரவில்லை.

"சாயா, தூவான். நான்தான், துரை. ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று மலாயில் சொன்னான் சுப்பையா. வயசானவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார், இந்த அடியை அவர் உடம்பு தாங்காது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் விடியும்போது லாரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. பிழைத்திருந்த நான்கு மீன்களைத் தான் காப்பாற்றியதாகக் காட்டிய கார்த்திகேசுவுக்குக் கேப்டன் இரண்டு கட்டி அரிசி, ஒரு கிலோவுக்கு மேலேயே, நிறுத்துக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து சுப்பையாவின் மனைவி தெய்வானை பின்வாசலில் வந்து நின்றாள்.

"அப்படி என்னாண்ணே தப்பு செஞ்சாரு?"

"சொல்லுக் கேக்கேல்ல, பிள்ளை. கழுவாத எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு எப்பவுமே அப்படித்தாண்ணே, யார் பேச்சையும் கேக்கமாட்டாரு. அவரால உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிருங்கண்ணே."

குனிந்து அவர் காலைத் தொட்டாள். கார்த்திகேசு காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"தண்ணி ஊத்த ஆள் வேணும். நாளைக்கு வா" என்றார்.

அவள் வந்தாள். ஜப்பான்காரன் போகும்வரை வந்தாள். சுப்பையா வரவேயில்லை.