மணிக்கணக்குல வித்த தண்ணி

அக்கா, பாண்டியராஜன் பேசுறேன். உன் மாமியா வீட்டு போன்ல பேசுனா எல்லாருக்கும் கேக்கும். அதான் கேசட்டுல பேசி, ஊருக்கு வர்ற சுந்தர்ராஜ்கிட்ட குடுத்து விடுறேன். தனியா இருக்கும்போது போட்டுக் கேளு.

கடமலைக்குண்டு கூட்டுக்கெணத்துல நமக்கு நாலு நாளைக்கு ஒருநாள் முறை இருக்குல்ல, அத வித்துட்டேன். நெலத்த இல்லக்கா, தண்ணிய மட்டும். நான் திருப்பூருக்கு வந்ததுல இருந்து தோட்டம் சும்மாதான கெடக்கு. பங்காளிக மூணு பேருகிட்டயும் மொதல்ல கேட்டேன். மணிக்கு இருவது ரூவாய்க்கு மேல யாரும் வரல. தென்னந்தோப்பு வேலுச்சாமி நாப்பது தாரேன்னாரு. தை முடிய பேசி அட்வான்ஸ் வாங்கிட்டேன்.

மணிக்கணக்குல பேசுனேன் பாரு, அங்கனதான் கோட்ட விட்டேன். நம்ம கெணத்துல எல்லாருக்கும் அஞ்சு எச்.பி. மோட்டருதான. அவரு பத்து எச்.பி.ய எறக்கிட்டாரு. அதே மணிதான், தண்ணி ரெட்டிப்பு. மறுநாளு நல்லகண்ணு சித்தப்பா முறை. அவுக மோட்டரப் போட்டா காத்துதான் வருது. தக்காளி அம்புட்டும் காஞ்சுபோச்சு.

போன வாரம் ஊருக்குப் போனேன். கெணத்து மேட்டுல சித்தப்பா பிடிச்சுக்கிட்டாக.

"ஏலே, உன் நாள வித்த சரி. என் நாளையும் சேத்துல்ல வித்துருக்க! அடுத்து எதடா விப்ப, என் வேட்டியவா?"

வேலுச்சாமிகிட்ட ஓடுனேன். "சின்ன மோட்டரப் போடுங்கண்ணே"ன்னா சிரிக்கிறாரு.

"தம்பி, மணிக்குத்தான வெல சொன்ன, கொடத்துக்கா சொன்ன?"

அட்வான்சோட என் தீபாவளி போனசையும் சேத்து வச்ச பெறகுதான் மோட்டர எடுத்தாரு. தை வரைக்கும் நம்ம முறையவும் நீங்களே எறைச்சுக்கங்க, காசு வேணாம்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டு வந்தேன். எறைக்கிறாக. ஆனா நம்ம வீட்டோட பேச்சில்ல.

எல்லாம் ஆத்தா தலையிலதான் விடியுது. தெனமும் கூடவே களையெடுக்கப் போன சித்தப்பா வீட்டு அன்னத்தாய் சின்னம்மா, இப்ப மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போகுதாம். நேத்து கடை போனுக்குக் கூப்புட்டு, "தண்ணியத்தான் குடுத்துட்டமே ஆத்தா"ன்னேன்.

"குடுத்துட்டடா. நான் கோழிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். அதுவும் ரெண்டு வார்த்தைக்கு மேல நிக்க மாட்டேங்குது"ன்னு சிரிக்கிது. அந்தச் சிரிப்பு நல்லால்லக்கா. இங்கன ரூம்ல எட்டுப் பேரு. எவன்கிட்டயும் இதச் சொல்ல முடியல.

நீ ஒருநாளு போயிட்டு வாக்கா. சித்தப்பாவுக்கு உன்மேல பிரியம். எனக்காகப் பேசாத. ஆத்தாவுக்குத் தெரியாமத்தான் வித்தான்னு மட்டும் சொல்லு. அது நெசந்தான், ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுருந்தா விட்டுருக்காது.

அவுக என்கிட்ட ஆயுசுக்கும் பேசாம இருக்கட்டும். ஆத்தாகிட்ட பேசச் சொல்லுக்கா.