அஞ்சு சுரத்துக்குள்ளே

விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழு ஒத்திகைக்கு யார் போவது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் இருவருமே வந்துவிட்டார்கள்.

ஒத்திகை நடப்பது ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் அறையில். ஒரு பக்கம் மைதா மூட்டைகள், இன்னொரு பக்கம் காலி ட்ரேக்கள், நடுவில் சில நாற்காலிகள். கீழே மாவு பிசைகிறவன்தான் குழுவின் மேளக்காரன். விவாகரத்தான பாடகனுக்குக் கூடப் பிறந்த தம்பி. முதலில் அண்ணன் படியேறி வந்தான். அவன் உட்காருவதற்குள் பிடில் பெட்டியோடு அவளும் வந்தாள். தம்பி மேளத்து வாரை இழுத்துக் கட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணன் தண்ணீர் குடிக்கக் கீழே போனதும் தம்பி அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"இனிமே உங்கள என்னன்னு கூப்பிடறது?"

"இத்தன நாளா என்னன்னு கூப்பிட்ட?"

"அண்ணின்னு."

"அதையே வெச்சுக்கோ. இதுக்குன்னு புதுசா ஒண்ணு தேடணுமா?"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். தேய்க்கிற இயந்திரம் காலையிலிருந்து ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். அதன் மேல்தான் அவள் மெட்டுப் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுதினாள், அவன் பாடினான். அவன் பஸ் டிரைவர். பெரிய குரல், மேலே ஏற ஏற இன்னும் தெளியும். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒவ்வொரு பாட்டும் அந்தக் குரலுக்கென்றே செய்தது. நாட்டுப்பாட்டு கேட்கிற கூட்டத்துக்கு அவர்கள் குழு நன்றாகத் தெரியும். ஆனால் எல்லோரும் 'அவரோட பாட்டு' என்றுதான் சொன்னார்கள். அவள் அதைத் திருத்தியதில்லை. பிடில் வாசிக்கிறவளின் தாடை எப்போதும் பிடிலில்தானே அழுந்திக் கிடக்கிறது, பேசவா முடியும் என்று சிரித்துவிடுவாள்.

பிரிவுக்குக் காரணம் சுருக்கமானது. டிப்போ அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதை ஒரு காலையில், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான். அவள் கையில் இருந்த தட்டைக் கழுவி முடித்துவிட்டு, "எப்பலேர்ந்து?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வக்கீல் வேலை.

குழு மட்டும் கலையவில்லை. மேடையில் மேளக்காரனுக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் அவள். விவாகரத்துக்குப் பிறகு அவன் அவளை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். "நீங்க ஆரம்பிச்சதும் நான் வந்துடறேன்" என்று அவன் சொன்னபோது, புல்லாங்குழல் வாசிக்கும் மருந்துக்கடைக்காரம்மா சிரிப்பை அடக்கக் குழலைத் துடைப்பதுபோல் பாவனை செய்தாள். பழைய காதல் பாட்டுகளைக்கூட அவர்கள் வாசித்தார்கள். நன்றாகவே இருந்தது. கேட்டவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அவன் புதுக் கல்யாணம் செய்துகொண்ட கொஞ்ச காலத்தில் ஒரு நாள், படிக்கட்டில் அவளை நிறுத்தினான்.

"நான் இனிமே வரல."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் இல்ல. வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. பாடுனா பரவால்லயாம். நீங்க எழுதுனத பாடறதுதான்…"

அவள் யோசித்தாள். அந்தப் பெண்ணின் இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. தோன்றியதே எரிச்சலாகவும் இருந்தது.

"சரி, போங்க," என்றாள்.

நர்ஸுகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வாசிக்க ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. பாட ஆள் தேடினார்கள். மருந்துக்கடைக்காரம்மாவின் அக்கா மகன் வந்தான்; நனைந்த தீக்குச்சி மாதிரி, உரசலோடு சரி, பற்றவில்லை. பிறகு ஒரு வாத்தியார் வந்தார். குரலில் குறையே இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் டிக்டேஷன் போடுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பாடினார். மேளக்காரன் தாளம் பிடிக்க முடியாமல் வியர்த்துப்போனான். சுருதியைக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். பாட்டெல்லாம் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தன.

"நீங்களே பாடுங்களேன் அண்ணி," என்றான் மேளக்காரன்.

"என் குரலுக்கு லென்ஸெல்லாம் விரிசல் விட்டுடும்."

"குரல் நல்லாருக்காதுன்னு யார் சொன்னா?" என்று மருந்துக்கடைக்காரம்மா கேட்டாள்.

அவள் பிடிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சொன்னவன் யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிடிலில் ஒவ்வொரு சுரமாக வாசித்து, கூடவே பாடிப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்களின் கண்ணைச் சோதிப்பதுபோல், எது தெளிவு, எது மங்கல் என்று பார்த்தாள். மேலே போனால் கீச்சிட்டது. கீழே வெறும் காற்று. நடுவில் அஞ்சு சுரம் மட்டும் ஆடாமல் நின்றன. அழகான குரல் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது மாதிரி ஒரு குரல்.

பழைய பாட்டு ஒன்றுகூட அந்த அஞ்சுக்குள் அடங்கவில்லை. அதனால் புதிதாக எழுதினாள். மெட்டு எங்கே மேலே ஏற ஆசைப்பட்டதோ அந்த இடத்தையெல்லாம் பிடிலுக்குக் கொடுத்துவிட்டாள். சொற்களும் மாறிப்போயின. நீட்டி இழுக்க முடியாததால் சின்னச் சின்ன சொல்லாகப் போட வேண்டியிருந்தது.

*கதவ சாத்துனது காத்து*
*காத்த யாரும் கேள்வி கேக்கல*
*கேட்டிருந்தா என்ன சொல்லும்?*
*காத்து… சும்மா காத்து.*

ஒத்திகையில் அதைப் பாடிக் காட்டினாள். "இது அவரப் பத்தியா?" என்று மேளக்காரன் கேட்டான். "கதவப் பத்தி," என்றாள்.

நர்ஸுகள் கூட்டம் ஒரு பெரிய ஹாலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதிப் பேர் சீருடையிலேயே வந்திருந்தார்கள். அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள். பிடிலைத் தாடையிலிருந்து இறக்கி மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டால்தான் வாசித்துக்கொண்டே பாட முடிந்தது. முதல் சரணத்தில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நிலைத்தது. மூன்றாவது சரணம் வந்தபோது முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு பின்வரிசையில். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அவள் சட்டென்று பிடில் வில்லைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

பாட்டு நிற்கவில்லை. "காத்து… சும்மா காத்து" என்று ஹால் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. மேளக்காரன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், வாசிங்க வாசிங்க என்பதுபோல். அவன் அண்ணன் பாடிய காலத்தில் கூட்டம் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறது, கைதட்டியிருக்கிறது. கூடச் சேர்ந்து யாரும் பாடியதில்லை. அந்த உயரத்துக்கு யாரால் வர முடியும்? அவளுடைய அஞ்சு சுரம் எல்லோரிடமும் இருந்தது.

அன்றிலிருந்து அவள் எழுதியதெல்லாம் அந்த அளவில்தான். நர்ஸுகள் அந்தப் பாட்டை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். மற்றக் குழுக்களும் கேட்டு வாங்கிப் பாடின. பேக்கரி விடுமுறை நாளில், அடுப்பெல்லாம் அணைந்திருக்க, மைதா மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாட்டுத் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிட்டன என்று பதிவுக்காரர் சந்தோஷப்பட்டார். பழைய ரசிகர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். "முன்ன மாதிரி இல்லம்மா, அதெல்லாம் அப்படியே வானத்துக்குத் தூக்கிட்டுப் போகும்" என்று ஒருவர் நேரிலேயே சொன்னார். "ஆமாங்க, போகும்" என்று அவள் ஒத்துக்கொண்டாள். அந்தப் பாட்டுகளைப் பாட ஆளில்லாமல் போனதில் அவளுக்கும் வருத்தம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். டிரைவர் சீருடையிலேயே, மூட்டைமேல் உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தான்.

"டிப்போல ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம். பழைய பாட்ட நான் பாடிக்கட்டுமா?"

"வீட்ல?"

"இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. அவங்களே கேக்கறாங்க, ஏன் பாடறதில்லன்னு."

அவள் பிடில் கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டுச் சொன்னாள்.

"பாடுங்க. யார் எழுதுனதுன்னு சொல்லிட்டுப் பாடுங்க. மேடைல. பாட்டுக்கு முன்னாடி."

"சொல்றேன்."

அவன் கிளம்பவில்லை. ஒத்திகை ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் தன்னை அறியாமலே சேர்ந்து பாடத் தொடங்கினான். குரல் அப்படியே இருந்தது. அறையில் மற்ற எல்லோரையும் மூடிக்கொண்டு எழுந்தது.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் கம்மியா," என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. "மத்தவங்க சத்தமும் கேக்கணும்ல."

அவன் குறைத்துக்கொண்டான். குறைத்துப் பாடுவது அவனுக்குச் சிரமமாக இருந்தது. அஞ்சு சுரத்துக்குள் ஒடுங்கி, பாட்டு முடிகிறவரை கவனமாகப் பாடினான். அவள் அவனைப் பார்க்காமல் வாசித்தாள்.

அடுத்த வாரம் மேளக்காரன் டிப்போ நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்து விவரம் சொன்னான்.

"சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரு. மொதல்ல 'என் பழைய வீட்டுக்காரம்மா எழுதுனது'ன்னாரு. கூட்டம் சிரிச்சிடுச்சு. அப்புறம் அண்ணி முன்வரிசைலேர்ந்து… அந்தப் புது அண்ணி… பேரச் சொல்லுங்கன்னு சத்தம் போட்டாங்க. அப்புறம்தான் பேரு வந்துச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பாட்டு?"

"நல்லாத்தான் பாடுனாரு. உச்சில மட்டும் ஒரு இடம் வழுக்கிடுச்சு."

"எந்த இடம்?"

அவன் வாயால் வாசித்துக் காட்டினான்.

"அது கஷ்டமான இடந்தான்," என்று சொல்லிவிட்டு அவள் வில்லை எடுத்தாள்.