இருபத்திரண்டாவது கை

பஸ் பணிமனையின் டயர் அறையில் சங்கத்தின் நாற்பத்து மூன்று உறுப்பினர்களும் நெருக்கியடித்துக் கூடியிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் செயலாளர். அவருக்குச் சட்டப் புத்தகம் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. சங்க விதிகள் அத்தனையும் அவர் கைப்பட எழுதியவை. வேலைநிறுத்தத்தின்போது கருவியைத் தொட்டவன் துரோகி. நீக்கப்பட்டவனோடு யாரும் பேசக் கூடாது. வாக்கெடுப்பு என்றால் பகிரங்கமாகக் கை தூக்க வேண்டும். ஒளித்து வாக்களிக்கிறவனுக்கு முதுகெலும்பு கிடையாது என்பது அவர் வாதம்.

இன்று எதிரே குற்றவாளியாக நின்றவன் அவருடைய சொந்தத் தம்பி.

போன வாரம் வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகம் வெளியாட்களை வைத்து ஒரு பஸ்ஸை எடுக்கப் பார்த்தது. அதற்குப் பிரேக் சரியாகப் பிடிக்காது என்று மெக்கானிக்கான தம்பிக்குத் தெரியும். மதில் ஏறிக் குதித்துப் போய்ச் சரிசெய்துவிட்டான். பஸ் ஓடியது, வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போனது.

"ஏன்டா தொட்டே?"

"உள்ள ஜனம் உக்காந்திருக்கும்ணே."

"விதி தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

தம்பி குடும்பம் அவர் வீட்டு மாடியில்தான் இருந்தது. இனிமேல் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

"நீக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

எண்ணினார். இருபத்தொன்று. இன்னும் ஒரு கை வந்தால் பெரும்பான்மை. எல்லார் கண்ணும் அவருடைய வலது கையில் இருந்தது. முப்பது வருஷமாகக் கேள்வி முடிவதற்குள் மேலே போய் நிற்கிற கை அது. இப்போது மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, செயலாளர் தூக்கலையா?" என்றார் ஒரு டிரைவர். "விதியெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?"

மானம் போனால் போகட்டும், தம்பி வேண்டும் அவருக்கு.

"இருபத்தொண்ணுதான். தீர்மானம் தோத்து..."

"இருங்கண்ணே."

தம்பி கை தூக்கியிருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை.

"நீக்குற வரைக்கும் நானும் உறுப்பினர்தானே? இருபத்திரண்டு. எழுதிக்கோங்க."

"டேய், உனக்கென்ன பைத்தியமா?"

"தொட்டது தொட்டதுதாண்ணே. நாளைக்கு அப்படி ஒரு பஸ் வந்தாலும் தொடுவேன். அதுக்காக விதி எனக்கு மட்டும் வளையக் கூடாது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

அவர் எழுதினார். தம்பி சங்க பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வாசலைத் தாண்டினான்.

"தம்பி!"

தன்னை மறந்து கத்திவிட்டார். நாற்பத்தொரு பேரும் அவரையே பார்த்தார்கள். வெளியே தம்பியின் நடை ஒரு கணம் நின்றது. ஆனால் அவன் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. நீக்கப்பட்டவனோடு பேசக் கூடாது என்பது அவனுக்கும் மனப்பாடம்.