அருவியைப் பார்த்தவள்

அக்காவின் ஓவியக் கண்காட்சி வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ‘பயணம், இயற்கை, என் நினைவுகள்: இவையே என் ஊற்று’ என்று அதில் எழுதியிருந்தது.

அக்காவின் பயணங்களை நான் அறிவேன். விடுதி அறையை விட்டு வெளியே வந்தால் அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. இயற்கை என்பது எங்கள் மொட்டைமாடிப் பூந்தொட்டிகள். அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுவது நான். ஆனாலும் மலையும் மேகமுமாக வரைந்து தள்ளுகிறாள். வந்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கழுத்து சுளுக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

நடுச்சுவரில் ஓர் அருவி. கீழே பாறையில் சிவப்புக் குடையோடு ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுவயதில் குடும்பத்தோடு போய்ப் பார்த்த அருவி அது. அக்கா பஸ்ஸில் வாந்தி எடுத்து, இறங்காமல் அங்கேயே கிடந்தாள். குடைக்காரரைப் பார்த்தது நான். திரும்பி வந்து அவளுக்குச் சொன்னதும் நான். நான் போகும் மாலை நேர ஓவிய வகுப்பில் ‘நீங்கள் கண்ட இடம்’ என்று வரையச் சொல்லியிருந்தார்கள். அதற்காக நான் எடுத்து வைத்திருந்தது அந்த அருவியைத்தான். எனக்கென்று வேறு இடம் இல்லை.

கூட்டம் குறைந்ததும் அக்காவிடம் போனேன்.

“குடையை எங்கேருந்து சுட்டே?”

“என்னடி சுட்டேன்? நான் பாத்தது.”

“நீ எங்கே பாத்தே? பஸ்ல பையைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தே.”

“பையைப் பிடிச்சது நீ. அம்மா, நீயே சொல்லும்மா.”

விருந்தினர்களுக்கு வைத்த பிஸ்கட்டை அம்மா மென்றுகொண்டிருந்தாள். “போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி. யாரு எப்போன்னு யாருக்குத் தெரியும்? தொடைக்கவே எனக்கு நேரம் சரியா இருந்துச்சு.”

“சரி, நீயும் அருவியை வரைஞ்சு காட்டேன்,” என்றாள் அக்கா. “பிரஷ்ஷைத் தலைகீழாப் பிடிக்காம இருந்தா சரி.”

அன்று மாலை வகுப்பில் தாளுக்கு ஓரக்கோடு போட்டு, பென்சிலைச் சீவி, வண்ணங்களை வரிசையாக அடுக்கி வைத்தேன். அருவி வரவில்லை. ஒரு வெள்ளைப் பட்டை வந்தது. எவ்வளவு உயரம்? பின்னால் மரமா, பாறையா? யோசிக்க யோசிக்க அக்காவின் படம்தான் கண்முன் நின்றது. அழித்தேன்.

முறையாகத் தொடங்கலாம் என்று பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தேன். கை தானாக ஓடியது. முன் சீட்டின் முதுகில் பச்சை ரெக்ஸின். கிழிசலில் மஞ்சள் ஸ்பாஞ்சு. யாரோ ஆணியால் கீறிய ஒரு கோழி. கம்பியில் ஒட்டி உலர்ந்த சூயிங்கம். எல்லாமே முழங்கால் உயரத்தில், தலையைத் தொங்கப்போட்டவள் பார்க்கும் கோணத்தில். சுற்றிலும் காலி சீட்டுகள். கடைசியாகப் படிக்கட்டில் ஓர் ஆளை வரைந்தேன். ஈரத் தலையோடு, எதையோ சொல்லும் அவசரத்தில், அக்கா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். “இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் எதையோ பாத்து வரைஞ்சிருக்கேம்மா. எனக்கே வயித்தைப் பெரட்டுது.”

பாராட்டா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அக்கா படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“அருவி எங்கடி?”

“பஸ்ஸுக்கு வெளியே.”

வெற்றிச் சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் கிளம்பியது. பாதியில் நின்றது. கோழியின் மேல் விரலை வைத்தாள்.

“இது என்ன?”

“உனக்குத் தெரியாது. நீ அப்போ அருவி பாக்கப் போயிருந்தே.”

அவள் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளுடைய அடுத்த கண்காட்சியில் அது எந்த மலையின் மேலாவது மேய்ந்துகொண்டிருக்கும். படத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.