சுருதிக்கு ஆள் தேவை

ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப்பாட்டுக் கச்சேரி நடக்க வேண்டுமானால், ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்த ஆண் ஒருவராவது அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிதார் சுருதியில் நிற்காது. முறுக்க முறுக்க இறங்கிக்கொண்டே போகும். அதனால் கோயமுத்தூரில் இந்தக் கச்சேரி நடத்துகிறவர்கள், மைக் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் சொல்லிவைப்பதுபோல, தீங்கிழைத்தவர் ஒருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார்கள். மேடையின் இடதுபுறம் அவருக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கும்.

சென்னியப்பன் உள்ளே நுழைந்ததும் அந்த நாற்காலியைப் பார்த்தார். நல்ல மர நாற்காலி என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில், மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்தால் போதும், எந்த பேரிங்கில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வடக்கேயிருந்து வரும் வாடிக்கையாளர்கள்கூட அவருடைய காதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். மனைவி கலாமணி வீட்டிலேயே கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்துகொடுக்கிறவர். அன்று அவர்களுக்கு இருபதாவது கல்யாண நாள்.

போன வருஷம் இதே நாளில் சென்னியப்பன் மனைவியை விவசாயக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய்த் தங்கள் கம்பெனி ஸ்டாலைக் காட்டினார். இந்த வருஷம் வேறெங்காவது போகலாமே என்று கலாமணி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்ததால் அது அவர் கவனத்துக்கும் வந்தது. பெண்டாட்டியை எங்கே கூட்டிப்போகலாம் என்று ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியரிடம் கேட்டார். ப்ளூஸ் கிதார் கச்சேரிக்குப் போங்க சார் என்றான் அவன். பெயரிலிருந்து சென்னியப்பன் ஒன்றை யூகித்துக்கொண்டு, தான் நீலச் சட்டையும் நீல பேண்ட்டும் போட்டு, மனைவியையும் நீலப் புடவை கட்டச் சொன்னார். கலாமணி பச்சை எடுத்துவைத்திருந்தார். அதை மடித்து வைத்துவிட்டு நீலம் கட்டினார். இருநூறு பேர் இருந்த அரங்கில் நீலத்தில் வந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முறையாக வந்திருப்பதால் பார்க்கிறார்கள் என்று சென்னியப்பன் எடுத்துக்கொண்டார்.

ஆறரை மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி ஏழாகியும் தொடங்கவில்லை. மேடையில் பாடகி ஐரிஸ் உட்கார்ந்திருந்தார். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்தவர், ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது முழுநேரமும் கிதார். அவர் மடியிலிருந்த கிதாரின் தந்திகள் ஊறப்போட்ட நூடுல்ஸ் மாதிரித் தொங்கின. அமைப்பாளர் விஜயானந்த் மைக்கைப் பிடித்து நிலைமையை விளக்கினார். வழக்கமாக வரும் தீங்கிழைத்தவர் சூலூரைச் சேர்ந்த ரங்கராஜ். பதினொரு வருஷமாக ஒரு கச்சேரிக்குக்கூடத் தவறியதில்லை. ஆனால் இன்று மத்தியானம் மூணு மணித் தபாலில் மன்னிக்காமல் மிஞ்சியிருந்த அவருடைய இரண்டாவது மனைவியும் அவரை மன்னித்துவிட்டார். மன்னிப்பு கையில் கிடைத்த நிமிஷத்திலிருந்து செல்லுபடியாகும் என்பதால் இனி அவரால் பயனில்லை. ஆகவே அவையில் உள்ள ஆண்கள் யாராவது முன்வந்து உதவ வேண்டும்.

அவையில் நூறு ஆண்களாவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் செருப்பைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் தனக்கில்லை என்பது அவருடைய நம்பிக்கை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் நறுக்கிக் கொடுப்பார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் புதுமாப்பிள்ளைகளுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்; அப்படிக் காட்டும்போது அவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். அன்றும் அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தபோதுதான் கலாமணி அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, குக்கர் மூடியை எடுக்கிற நிதானத்தோடு, மேலே தூக்கினார்.

விஜயானந்த் நன்றி சொன்னார். அவை கைதட்டியது. பொதுக்காரியத்துக்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று மனைவி நினைக்கிறாள்போல என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. குடியிருப்போர் சங்கத்தில் அவர்தான் செயலாளர். எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐரிஸ் முதல் தந்தியை முறுக்கினார். அது இன்னும் கொஞ்சம் தொய்ந்தது.

விஜயானந்த் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு கேள்விகளை வாசித்தார். மனைவியை ரயிலடியில் விட்டுவிட்டுப் போனதுண்டா? இல்லை. வேறு பெண்ணோடு தொடர்பு? இல்லை. சிறை? இல்லை. நகையை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியதுண்டா? அதுவும் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் தந்தி ஒரு விரற்கடை இறங்கியது. ஏழாவது கேள்வியில் அது ஐரிஸின் முழங்காலைத் தொட்டது. அவையில் இருமல் கேட்டது. பின்வரிசையில் ஒருவர், ஆள் சரியில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

இருபது வருஷம் ஒழுங்காகக் குடும்பம் நடத்தியதற்காக இருநூறு பேர் முன்னால் வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று சென்னியப்பன் நினைத்ததில்லை. எதையாவது கொடுத்துத் தப்பிக்கலாம் என்று, ஒரு தீபாவளிக்குக் கடைசி அதிரசத்தைத் தான் தின்றுவிட்டு எறும்பின் மேல் பழி போட்டதைச் சொன்னார். தந்தி கொசுபோல ஒருதரம் ரீங்கரித்துவிட்டு அடங்கியது. ஐரிஸ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். காய்ச்சல் இல்லாத ஆளை வார்டில் சேர்க்கச் சொன்னால் ஒரு நர்ஸ் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

பிறகு ஐரிஸ் படிவத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கையைத் தூக்கிய அம்மா ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டார்.

கலாமணி எழுந்தார். கைப்பையைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மேடைக்கு வராமல் நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு செவ்வாக்கெழமைங்க. இவரு பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. நான் போறேனுங்கன்னு சொன்னேன். எங்கேன்னு கேக்கலை. திரும்பி வர்றதா இல்லீங்கன்னும் சொன்னேன். ம், வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வந்துருன்னாரு."

மேடையில் ஏதோ கீச்சிட்டது. முதல் தந்தி தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றார் ஐரிஸ்.

"உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேனுங்க. பால் கடை சாத்தீருவாங்களேன்னு நெனப்பு வந்துச்சு. வாங்கிட்டு வந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"காப்பி நல்லா இருக்குதுன்னாருங்க."

ஆறு தந்திகளும் விறைத்து நின்றன. ஐரிஸ் கட்டைவிரலால் ஒரு தடவை மேலிருந்து கீழே வருடினார். அரங்கின் ட்யூப்லைட்டுகள் ஒருதரம் மங்கி எரிந்தன. சுருதி துல்லியமாக இருந்தது. விஜயானந்த் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மூடினார்.

சென்னியப்பன் அந்தச் செவ்வாய்க்கிழமையை ஞாபகப்படுத்திப் பார்த்தார். என்ன பேப்பர், என்ன செய்தி என்று தெரியவில்லை. மனைவியின் குரல் தெரியவில்லை. அவள் என்ன புடவை கட்டியிருந்தாள், கையில் பெட்டி இருந்ததா, எதுவும் வரவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் வந்தது. அந்தக் காப்பி. அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. நாற்காலியின் கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஐரிஸ் பாடினார். அந்த இசையின் முறைப்படி முதல் அடியை இரண்டு தடவை சொல்ல வேண்டும். போறேன்னு சொன்னேன் மாமா, பாலுன்னு சொன்னே நீ. போறேன்னு சொன்னேன் மாமா, பாலுன்னு சொன்னே நீ. மூன்றாவது அடிக்கு முன்னால் கிதாரை மட்டும் கொஞ்ச நேரம் பேசவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார்: பஸ்ஸுக்குப் போற வழியில, ஐயோ, பால் கடையும் இருந்துச்சே.

பக்கத்து இருக்கைப் பெண் கலாமணியின் கைப்பையைத் திறந்து அதிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் மறுபடியும் செருப்புக்குப் போனார்கள். சென்னியப்பன் மட்டும் கிதாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தந்தி வளைந்து நழுவும்போது, பேரிங் தேய்ந்த மோட்டாரில் கேட்கும் அதே சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தம் கேட்டால் அவர் உடனே மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவார். இங்கேயும் கை பாதிவரை எழும்பிவிட்டது. அவர் ரசிக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் தாங்களும் கையைத் தூக்கினார்கள்.

இடைவேளையில் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. உங்களால்தான் சார் இன்னிக்குக் கச்சேரி நடக்குது என்று ஒரு டாக்டர் கைகுலுக்கினார். ரங்கராஜ் இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு சுருதி கேட்டதில்லை, அவருடையதெல்லாம் மூன்று கல்யாணம், நாலு கேஸ் என்று ஒரே இரைச்சல், உங்களுடையதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது என்றார் இன்னொருவர். யாரோ செல்ஃபி எடுத்தார்கள். சென்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் செல்ஃபிக்குத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அதைச் செய்த கையைப் பார்த்து இன்னும் அவமானமாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் கலாமணி காளான் கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று, "கலா, என்னை" என்று ஆரம்பித்தார்.

விஜயானந்த் எங்கிருந்தோ ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார்.

"சார், தயவுபண்ணி இப்ப வேண்டாம். இன்னும் நாலு பாட்டு இருக்கு. மேடம் சட்டுன்னு மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டா நான் இருநூறு பேருக்கு என்ன பதில் சொல்றது?"

பிறகு கலாமணியிடம், ஒன்பது மணிவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பணிவாகக் கேட்டார். தனக்கு அவசரமில்லை என்றார் கலாமணி. தட்டில் மிச்சமிருந்த கட்லெட்டைக் கணவரிடம் நீட்டினார். மன்னிப்பாக அர்த்தமாகிவிடுமோ என்று பயந்து விஜயானந்த் அதையும் வாங்கித் தானே தின்றுவிட்டார்.

இரண்டாம் பாதி இன்னும் நன்றாக இருந்தது. கலாமணி முன்வரிசைக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷத்தில் அவர் தாளம் போட்டு சென்னியப்பன் பார்த்ததில்லை. வலது கால் பெருவிரலால் மட்டும், ஊசி ஏறி இறங்குகிற மாதிரி, தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். நாற்காலியிலிருந்து அந்த விரல் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. மெட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தது. எத்தனை நாளாகத் தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு முன்னாலேயே கச்சேரி முடிந்தது. ஐரிஸ் மேடையிலிருந்து இறங்கிவந்து கலாமணியின் கையைப் பிடித்து, அடுத்த மாதம் ஈரோட்டில் கச்சேரி இருக்கிறது, இவரை அதுவரை இப்படியே வைத்திருக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்றார். பார்க்கலாம் என்றார் கலாமணி.

ஸ்கூட்டரில் ஏறும்போது சென்னியப்பன் மறுபடியும் ஆரம்பித்தார். கலாமணி அவர் தோளைத் தட்டி, வீட்டுக்கு வேண்டாம், உக்கடம் போகலாம் என்றார். எதற்கு என்று சென்னியப்பன் கேட்டார். கேட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"சும்மாத்தானுங்க. நான் உக்காந்திருந்த இடத்தைப் பாக்கணும்."

அந்த இடத்துக்கு எதிரிலேயே, வால்பாறை போகும் பஸ் விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி கலாமணியைப் பார்த்ததும் விசிலை வாயில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டு, "ஒரு நிமிசத்துல வர்றேன்னீங்க" என்றார். குரலில் குறை எதுவுமில்லை. தாமதத்துக்குக் கலாமணி வருத்தம் தெரிவித்தார்.

அவர் ஏறினார். பின்னாலேயே சென்னியப்பனும் ஏறினார். ஆறு வருஷமாகப் பயணிகள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலிருந்தவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு அம்மாள் மடியில் வைத்துக்கொண்டு வந்த கறிவேப்பிலைக் கன்று மரமாகி, ஜன்னல் வழியே கிளையை வெளியே நீட்டியிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கலாமணி அதில் உட்கார்ந்தார். தளர்ந்த மெட்டியைக் காலோடு அழுத்திவிட்டுக்கொண்டார். சென்னியப்பன் அவருக்குப் பக்கத்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் என்பது அவருக்குத் தெரியும்.

கண்டக்டர் சீட்டுக் கட்டோடு வந்தார். மற்றவர்களிடம் கேட்டபோது, எங்கே போகக் கிளம்பினோம் என்பது மறந்துவிட்டது, இந்தம்மா இறங்குகிற இடத்திலேயே இறங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் கலாமணியிடம் கேட்டார்.

"எங்க இறங்கறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க."

கண்டக்டர் காதிலிருந்த பேனாவை எடுத்து, இறங்குமிடம் என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதினார். உட்காருபவருக்கு ஒன்று, நிற்பவருக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசிலடித்தார்.