கடலை வெட்டிய படம்

எங்கள் டோங்காவில் தம்பியின் பொருள் எதுவும் தம்பிக்கே சொந்தமில்லை. அக்கா வேண்டும் என்று சொல்லிவிட்டால் பன்றியோ படகோ, கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அக்காவிடம் கிண்டல் பேசவும் கூடாது. என் அக்கா லாவினியா நினைத்திருந்தால் என் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தை ஒரே வார்த்தையில் வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் ஊர்க்கூட்டத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி கடலோரம். நிலம் குலுங்கினால், சுனாமி அலை வருவதற்குள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை மேட்டுக்குத் தூக்கிப் போக இருக்கும் ஒரே சாலையும் கடலை ஒட்டியே சுற்றிப் போகிறது. இருபத்தைந்து நிமிடம் ஆகும். என் தோட்டத்தின் வழியே நேராக ஏறினால் ஏழு நிமிடம். அந்த வழியைத்தான் அவள் ஊரார் முன்னால் கேட்டாள்.

"அதான் போன்ல எச்சரிக்கை வந்துருமே, என்ன அவசரம்?" என்றார்கள் ஊரார்.

இணையத்திலிருந்து இருபது வருடத்து நிலநடுக்கங்களை இறக்கி, ஒவ்வொன்றையும் உலகப் படத்தில் புள்ளியாக வைத்திருந்தாள். பூமியின் மேலோடு பல தட்டுகளாகக் கிடக்கிறது, தட்டுகள் முட்டிக்கொள்ளும் விளிம்பில்தான் புள்ளிகள் வரிசை கட்டும், நம் வாசலிலேயே அப்படி ஒரு விளிம்பு இருக்கிறது என்றாள்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவர் மேல் படம் விரிந்தது. எங்கள் பக்கத்துப் புள்ளிகளில் பாதி இடது ஓரத்தில், பாதி வலது ஓரத்தில் கிடந்தன. நடுவில் உலகமே இருந்தது.

பக்கத்துத் தோட்டக்காரன் செமிசி, கூட்டத்தில் எல்லோரும் குடிக்கும் கவா வேர்ச்சாற்றுக் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் எங்களுக்குச் சொந்தக்காரன் இல்லை, அதனால் அவன் வாய்க்குப் பூட்டும் இல்லை.

"ஏம்மா நர்ஸு, நம்ம விளிம்பு இங்கயும் பாதி, அங்கயும் பாதியா? ஊசி போடுற எடம் தெரியாத மாதிரி குத்தி வச்சிருக்கியே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் கிழங்கு பிழைத்தது என்று எனக்குச் சந்தோஷம். அக்காவின் முகம் வாடியதைப் பார்த்ததும் அப்படிச் சந்தோஷப்பட்டதற்கே வெட்கமாகிவிட்டது. "ஓரமா ஒரு ஒத்தையடிப் பாதை விட்டுடுறேன்க்கா," என்றேன் மெதுவாக. அவள் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மறுபடி வந்தாள்.

"புள்ளி தப்பில்ல, வெட்டுன எடம்தான் தப்பு," என்றாள். "உருண்ட பூமிய தட்டையா விரிக்கணும்னா எங்கயாவது வெட்டித்தான் ஆகணும். வெட்டுனவங்க அவங்க வீட்ட நடுவுல வச்சுக்கிட்டு, கத்திய நம்ம கடல்ல வச்சுட்டாங்க. ஃபிஜி ஒரு ஓரத்துக்குப் போச்சு, நாம இன்னொரு ஓரத்துக்கு வந்துட்டோம்."

மேற்குத் தீர்க்கரேகைகள் கழித்தல் குறியோடு வந்திருந்தன. ஒவ்வொன்றோடும் முன்னூற்று அறுபதைக் கூட்டினாள். அவ்வளவுதான். இடது ஓரத்துப் புள்ளிகள் எழுந்து போய் வலது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டன. நியூசிலாந்திலிருந்து எங்களைத் தாண்டி சமோவாவுக்குப் பக்கம் வரை ஒரே கோடு! ஆழத்துக்கு நிறமும் கொடுத்திருந்தாள். எங்களுக்குக் கிழக்கே ஆழம் குறைந்தவை சிவப்பு, மேற்கே போகப் போக மஞ்சள், ஃபிஜி பக்கம் அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் நீலம். கிழக்குத் தட்டு எங்கள் காலடியில் சாய்ந்து இறங்குவது வீட்டுப் படிக்கட்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. நாற்பது வருடமாக அந்தக் கடலில் மீன் பிடிக்கிறேன், அதன் அடிவயிற்றை அன்றுதான் பார்த்தேன். நோயாளிகளைக் கவனித்தது போக மிச்ச நேரத்தில் இதைச் செய்திருக்கிறாள் என் அக்கா! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

செமிசி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அந்தச் செவப்புலேர்ந்து அலை கெளம்புனா நமக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"பத்து நிமிஷம்கூட கெடைக்காம போகலாம். போன் அடிக்கறதுக்குள்ள அலை வந்து நிக்கும். தரை ஆடுறதுதான் நமக்கு எச்சரிக்கை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏங்க்கா, அக்காங்கற உரிமையில என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. எதுக்கு இவ்வளவு பாடு பட்டீங்க?"

"குடுத்திருப்ப. எனக்காகக் குடுத்திருப்ப. நான் கண்ண மூடுன மறுநாளே வேலி போட்டிருப்ப."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னதில் பொய்யில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் கயிற்றைக் கட்டி மேடு வரை இழுத்தேன். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கிழங்குகளின் நடுவே போனது கயிறு. மறுமுனையைப் பிடித்திருந்த செமிசிக்கே மனம் கேட்கவில்லை.

"கொஞ்சம் ஓரமா தள்ளிக்கலாமாடா?"

"வளைஞ்சா ஒரு நிமிஷம் கூடிரும்," என்றேன். "நேரா புடி."