ரியாக்ட்டுக்குச் சிவப்பு, ஆங்குலருக்கு வெள்ளை

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஓர் இளநீர் விவசாயிகள் சங்கம். அதற்கு ஒரு வெப் ஆப் வேண்டுமாம். வெறும் விலைப்பட்டியல் போதாதாம். லாரி வருவது மேப்பில் நகர வேண்டும், ரேட்டு ஏறி இறங்குவது கோடாக ஓட வேண்டும். மௌனிகா மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து ரியாக்ட் என்கிற மென்பொருள் கட்டமைப்பில் முக்கால்வாசி எழுதிவிட்டாள். கோயமுத்தூர் கம்பெனியை விட்டுவிட்டு வந்தவளுக்கு இதுதான் முதல் சொந்த வேலை. இது போனால் அவள் பேர் ஊருக்குள் எடுபடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கத் தலைவர் அர்த்தநாரியின் மாப்பிள்ளை, ஐ.டி. வேலைக்காரர் தனபால், பெங்களூரிலிருந்து விருந்துக்கு வந்தார். எலும்பைக் கடித்துக்கொண்டே, "இதையெல்லாம் ஆங்குலர்லதானுங்க மாமா எழுதோணும்" என்று ரியாக்ட்டுக்குப் போட்டியான இன்னொன்றின் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டார். போச்சு! ரியாக்ட் என்றால் பல்பொடியா பூச்சிமருந்தா என்று தெரியாதவர்களெல்லாம் கட்சி கட்டினார்கள்.

"ரெண்டுமே நல்லதுதானுங்க. பாதியில மாத்துனா எழுதுனது பூராவும் வீணாப் போயிருமுங்க" என்று மௌனிகா தொண்டை வற்றக் கத்தினாள். யார் காதில் ஏறியது?

நாலு கூட்டம் போட்டும் தீரவில்லை. "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார் அர்த்தநாரி. கல்யாணத்துக்கும் போர்வெல்லுக்கும் கேட்கிற ஊர், இதற்கு மட்டும் என்ன குறைச்சல்? செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். சிவப்பு ரியாக்ட், வெள்ளை ஆங்குலர்; பூசாரி கைக்கு எது வருகிறதோ அதுவே ஆத்தா வாக்கு. பூக் கேட்பவர்களை எல்லாம் நக்கலடித்துத் திரிந்த மௌனிகா, சந்நிதியில் நின்று வெட்கமில்லாமல் "சிவப்பு, சிவப்பு" என்று முணுமுணுத்தாள்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அர்த்தநாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா ரியாக்ட்டுனு சொல்லிப்போட்டா. மாப்ளே, இனி நீங்களே அதுல எழுதிப்போடுங்க. அம்மிணி, இதுவரைக்கும் எழுதுனத அவருகிட்டக் குடுத்துரு."

"நான் எழுதுனதுங்க அது!"

"எதுல எழுதறதுன்னுதானே கேட்டோம் அம்மிணி? ஆரு எழுதறதுன்னு கேக்கலையே."

தனபால் கழுத்தைச் சொறிந்தார். "மாமா, எனக்கு ரியாக்ட் தெரியாதுங்க."

"அதுக்கென்னுங்க? அம்மிணி சொல்லிக்குடுக்கும்."

அம்மிணி லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள். "அவரு மொதல்ல இருந்து கத்துக்கிட்டு எழுதட்டுமுங்க. நான் எழுதுனது எங்கூடத்தான் வருமுங்க."

ஸ்கூட்டி கிளம்பியது. கமிட்டி மொத்தமும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தது. மாப்பிள்ளை குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.